தூண்டில் மீனும் படியளக்கும் கடவுளும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மீனைப் பற்றி. சுயமரியாதைக் கூட்டத்தில் மீனுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். மச்சாவதாரம் என்று ஒரு மீனைக் கடவுளாக்கிப் பல நூறு வருஷங்களாகக் கதை சொல்லி வருகிறவர்களை, மீனுக்கும் மதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. அவர்கள் சொல்லும் மீன் தலையில் கொம்பு முளைத்து, பிரளயத்தில் மனுவின் ஓடத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போன மீன். நாம் சொல்லப் போகும் மீனுக்கும் தலையில் ஒரு கொம்பு உண்டு. ஆனால் அது எவருடைய ஓடத்தையும் இழுத்ததில்லை. அதைப் பிடித்து, அறுத்து, அளந்து, படமெடுத்துப் பாட்டில்களில் போட்டு வைத்திருக்கிறார்கள். சந்தேகமுள்ளவர்கள் போய்ப் பார்க்கலாம். இந்த ஒரு வித்தியாசமே அதைப் பற்றிப் பேச நமக்குப் போதுமானது.

முதலில் அது வசிக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். நாம் கரையில் நின்று பார்ப்பது கடலின் மேல்தோல் மாத்திரமே. உலகக் கடல்களின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர், அதாவது 12,000 அடிக்கு மேல். 200 மீட்டருக்குக் கீழே போனால் சூரிய வெளிச்சம் செடி கொடி வளரப் போதாது. 1,000 மீட்டருக்குக் கீழே சூரியன் என்ற ஒன்று இருப்பதற்கே அடையாளம் கிடையாது. பகலும் இல்லை, இரவும் இல்லை, கோடையும் இல்லை, மாரியும் இல்லை. தண்ணீர் கிணற்று நீரைவிட வெகு குளிர்ச்சி. ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் நம் தலைமேல் இருக்கும் ஆகாயத்தின் பாரம் முழுவதற்கும் சமமான பாரம் ஒன்று கூடிக்கொண்டே போகிறது. 1,000 மீட்டர் ஆழத்தில் ஒரு கட்டைவிரல் நகம் அளவுள்ள இடத்தின் மேல் 100 கிலோ மூட்டை ஒன்றை வைத்தது போன்ற அழுத்தம்.

அப்படிப்பட்ட இடத்தில் உயிர் இருக்குமா? இருக்காது என்றுதான் முதலில் படித்தவர்களும் நினைத்தார்கள். எட்வர்ட் போர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சிக்காரர் ஏஜியன் கடலில் வலை போட்டு அரித்துப் பார்த்தார். ஆழம் போகப் போக ஜீவன்கள் குறைந்துகொண்டே வந்ததைக் கண்டு, 300 பாகத்துக்குக் கீழே, அதாவது 1,800 அடிக்குக் கீழே, உயிரே இராது என்று 1843ல் அபிப்பிராயம் சொன்னார். அவர் கெட்டிக்காரர், மரியாதைக்குரியவர். ஆனால் அவர் சொல்லிவிட்டார் என்பதற்காக யாரும் அதைச் செப்புப் பட்டயத்தில் எழுதி வைத்துக்கொண்டு, மறுத்துப் பேசுகிறவன் நரகத்துக்குப் போவான் என்று சொல்லவில்லை. மேலும் மேலும் ஆழத்தில் வலையை இறக்கிப் பார்த்தார்கள். 1872 முதல் 1876 வரை சாலஞ்சர் என்ற கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி வந்து, எத்தனையோ ஆயிரம் அடி ஆழத்திலிருந்து விதவிதமான ஜீவன்களை வாரிக்கொண்டு வந்தது. போர்ப்ஸின் அபிப்பிராயம் அத்துடன் தீர்ந்தது. அவருடைய மரியாதை குறைந்துவிடவில்லை.

நம்மவர்களும் கீழே உள்ள உலகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடவில்லை. அதலம், விதலம், சுதலம் என்று தொடங்கிப் பாதாளம் முடிய ஏழு லோகங்களுக்குப் பெயர் வைத்தார்கள். அங்கே சூரியன் இல்லையே, வெளிச்சத்துக்கு என்ன வழி என்ற கேள்வி அவர்களுக்கே தோன்றியிருக்கிறது. நாகங்களின் படத்தில் இருக்கும் ரத்தினங்கள் வெளிச்சம் தரும் என்று எழுதி முடித்துவிட்டார்கள். யாரும் இறங்கிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று சொன்னவனும் இல்லை. கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள்தான், பதில் தேடத் தெரியாமல் போனார்கள். இருட்டில் வெளிச்சம் தரும் ஜீவன் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது ரத்தினமும் அல்ல, நாகமும் அல்ல என்பதை இப்போது பாருங்கள்.

நாம் சொல்லும் மீனுக்குத் தூண்டில் மீன் என்று பெயர் சொல்லலாம். இதில் ஆழ்கடல் வகைகள் மாத்திரம் 160க்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. சிலது கைக்குள் அடங்கும். கிரீன்லாந்து, ஐஸ்லாந்துப் பக்கத்துக் கடலில் கிடைக்கும் செராட்டியாஸ் என்னும் வகையில் பெண் மீன் மூன்றடிக்கு மேலும் வளரும். பார்வைக்கு அழகு என்று சொல்ல முடியாது. பலவற்றுக்குக் கரிபிடித்த சட்டி போன்ற உருண்டை உடம்பு, உடம்பில் பாதி வாய், வாய் நிறைய ஊசி போன்ற பற்கள். அந்தப் பற்கள் உட்பக்கமாகச் சாயும், வெளிப்பக்கமாகச் சாயா. பறிக்குள் போன மீன் திரும்ப முடியாதது போல, இதன் வாய்க்குள் போனது திரும்ப வராது. வயிறோ ரப்பர் பை. தன்னைவிடப் பெரிய இரையைக்கூட விழுங்கிச் சுருட்டி வைத்துக்கொள்ளும் வகைகள் இவற்றில் உண்டு.

நெற்றியில் ஒரு கோல் நீட்டிக்கொண்டிருக்கும். மற்ற மீன்களுக்கு முதுகுச் செட்டையில் முதல் முள்ளாக இருப்பது எதுவோ அதுதான் இங்கே தூண்டிற்கோலாகியிருக்கிறது. கோலின் நுனியில் ஒரு குமிழ். அநேக வகைகளில் அந்தக் குமிழ் நீலமாய் வெளிச்சம் வீசும். இரை தேடி அலையும் சின்ன மீனோ இறாலோ அந்த வெளிச்சத்தைத் தின்பண்டம் என்று எண்ணிக் கிட்டே வருகிறது. தூண்டிலைப் பார்க்கிறது, தூண்டில்காரியைப் பார்ப்பதில்லை. பார்க்க முடிவதும் இல்லை. 2020ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், இந்த இனத்தின் சில மீன்களுடைய தோல் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றில் அரைப்பங்கைக்கூடத் திருப்பி விடுவதில்லை என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். தன் விளக்கின் வெளிச்சத்திலேயே தான் அகப்பட்டுக்கொள்ளாத கறுப்பு. கறுப்பு நிறத்தை இழிவாகப் பேசுகிறவர்கள் இதைச் சற்றுக் கவனிக்கலாம்.

அந்தக் குமிழில் வெளிச்சம் எப்படி வருகிறது? மீன் அதை உண்டாக்குவதில்லை. குமிழுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக் கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. அவைதான் ஒளிர்கின்றன. கிருமிக்கு மீன் வீடும் சோறும் கொடுக்கிறது. மீனுக்குக் கிருமி விளக்கேற்றுகிறது. குஞ்சு பிறக்கும்போது இந்தக் கிருமிகள் அதனிடம் கிடையாது. தாய் கொடுப்பதும் இல்லை. பிற்பாடு கடல் தண்ணீரிலிருந்தே அவை வந்து குமிழில் குடியேறுகின்றன என்று சில வருஷங்களுக்கு முன்புதான் கிருமிகளின் பரம்பரையைச் சோதித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். பாதாளத்து ரத்தினம் என்பது இவ்வளவுதான்.

இனி இது எப்படிப் பிழைக்கிறது என்பதற்கு வருவோம். ஆழ்கடலில் பெரும் கஷ்டம் அழுத்தம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது அந்த மீனுக்குப் பெரிய கஷ்டமல்ல. மூடி இறுக்கிய வெறும் பாட்டிலைக் கடலில் இறக்கினால் நொறுங்கும். தண்ணீர் நிறைந்த திறந்த பாட்டில் நொறுங்காது. உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஒன்றே. இந்த மீனின் உடம்பில் காற்றுப் பை கிடையாது. உடம்பு முழுவதும் நீர்ச் சதை. ஆகவே நசுங்குவதற்கு ஒன்றுமில்லை.

உண்மையான கஷ்டம் வயிற்றுக் கஷ்டம். சூரிய வெளிச்சம் இல்லாத இடத்தில் பாசி முளைக்காது. மேலே செத்தவையும், கழிவுகளும் துகள் துகளாகக் கீழே உதிர்வதுதான் அங்குள்ளவற்றுக்கு ஆகாரம். அதிலும் பெரும்பங்கை நடுவழியில் இருப்பவை தின்றுவிடுகின்றன. ஆழத்துக்கு வந்து சேருவது மிச்சத்தின் மிச்சம். மேல் ஜாதிக்காரன் பந்தி முடிந்த பிறகு எச்சிலையை எறிவது போல என்று சொன்னால் நம் கிராமத்துத் தோழர்களுக்கு விளங்கும். அப்படி இருக்கிற இடத்தில் இரையைத் துரத்திக்கொண்டு ஓடுகிற மீன் துரத்திய களைப்பிலேயே செத்துப்போகும். ஆகவே இந்த மீன் துரத்துவதே இல்லை. சதையும் எலும்பும் இளகியவை. அவற்றை வளர்க்கவும் காக்கவும் செலவு குறைவு. அசையாமல் மிதந்துகொண்டு விளக்கை ஆட்டிக் காத்திருக்கிறது. கிடைத்தால் முழுவதையும் விழுங்குகிறது. கிடைக்காவிட்டால் மேலும் காத்திருக்கிறது.

இங்கேதான் நமது பக்தர்கள் வந்து சேருகிறார்கள். "பார்த்தீர்களா, கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளக்கிறவன் கடலின் அடியில் இருக்கும் மீனுக்கும் விளக்கைக் கொடுத்துப் படியளக்கிறான்" என்பார்கள். சரி, நாம் ஒன்று கேட்கிறோம். தூண்டில் மீனுக்கு அவன் படியளந்தான் என்றால், அந்த விளக்கைப் பார்த்து ஏமாந்து வந்து விழுந்த சின்ன மீனுக்கு அளந்தது எந்தப் படி? அதுவும் பசியெடுத்துத்தானே வந்தது? தெய்வம் ஆகாரம் காட்டுகிறது என்று நம்பித்தானே வெளிச்சத்துக்குக் கிட்டே போயிற்று? ஒருவனுக்குச் சோறு கொடுக்க வேண்டி இன்னொருவனைப் பொய் வெளிச்சம் காட்டி ஏமாற்றுவதை மனிதன் செய்தால் போலீசார் பிடித்துக்கொண்டு போவார்கள். கடவுள் செய்தால் கருணை என்று பெயர். கோபுரத்தின் உச்சியில் விளக்கேற்றி வைத்துவிட்டு, விளக்கைப் பார்த்து வந்தவனின் மடியை அவிழ்க்கும் தொழிலை நாம் ஊரில் பார்க்காதவர்களல்ல. அதற்குமேல் சொல்ல வேண்டாம்.

நிற்க.

இதுவரை சொன்னதெல்லாம் பெண் மீனைப் பற்றி. ஆண் மீன் எங்கே? இந்தக் கேள்விக்கு வெகுகாலம் பதில் கிடைக்கவில்லை. 1830களிலிருந்து இந்த இனத்து மீன்கள் ஒன்றொன்றாக அகப்பட்டு வந்தன. தூண்டிலோடு பிடிபட்டதெல்லாம் பெண்ணாகவே இருந்தது. 1922ல் ஐஸ்லாந்தைச் சேர்ந்த பியார்னி செமுண்ட்சன் என்ற மீன் ஆராய்ச்சிக்காரர் ஒரு பெரிய செராட்டியாஸைப் பரிசோதித்தார். அதன் வயிற்றில் இரண்டு சின்ன மீன்கள் மூக்கு ஒட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தன. தாயும் குஞ்சும் என்று எழுதினார். குஞ்சுகள் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது தமக்கு விளங்கவில்லை என்றும், வருங்காலத்தார் அதைத் தீர்க்கட்டும் என்ற கருத்திலும் எழுதி வைத்தார். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்கு எவ்வளவு யோக்கியதை வேண்டும்! நம் நாட்டுப் புராணிகராக இருந்தால் அந்தக் குஞ்சுகளின் பூர்வஜன்மக் கதையை அன்று இரவே எழுதி முடித்திருப்பார்.

மூன்று வருஷம் கழித்து, 1925ல், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்து இயற்கைச் சரித்திரச் சாலையில் வேலை பார்த்த டேட் ரீகன் என்பவருக்கு இதுபோலவே சின்ன மீன் ஒட்டிய இன்னொரு பெண் மீன் கிடைத்தது. அவர் அந்தச் சின்ன மீனை அறுத்துப் பார்த்தார். அது குஞ்சு அல்ல, பருவமடைந்த ஆண்! வாய் பெண்ணின் தோலோடு சதையாய்க் கலந்துபோயிருந்தது. இரண்டு உடம்பும் பிரிக்க முடியாதபடி ஒன்றாய் வளர்ந்திருந்தன. பெண்ணின் ரத்தத்தில்தான் ஆண் வாழ்ந்துகொண்டிருந்தது. ஒருவர் பார்த்து எழுதியதை இன்னொருவர் கத்தியைக் கையில் எடுத்துச் சோதித்த அன்று உண்மை வெளிவந்தது. இதற்குள், தனியே நீந்திக்கொண்டிருந்த தூண்டில் இல்லாத குட்டி மீன்களை வேறொரு குடும்பத்து மீன்கள் என்று எண்ணித் தனிப் பெயரும் கொடுத்து வைத்திருந்தார்கள். அவையெல்லாம் இந்தப் பெண்களின் புருஷர்கள்தான், இன்னும் பெண் கிடைக்காத புருஷர்கள்தான், என்பது 1930 வாக்கில் தெளிவாயிற்று.

அந்த ஆண் மீனின் வாழ்க்கையைக் கேளுங்கள். முட்டைகள் ஒரு மெல்லிய கோந்துப் படலத்தில் மிதந்து மேலே வருகின்றன. குஞ்சுகள் வெளிச்சமுள்ள மேல்நீரில் தின்று வளர்கின்றன. பிறகு உருமாறிக் கீழே இறங்குகின்றன. பெண் தூண்டில் வளர்த்துப் பெரிதாகிறது. ஆணோ அதற்குமேல் அதிகம் வளர்வதில்லை. செராட்டியாஸில் முழு வளர்ச்சி பெற்ற பெண், தனியே திரியும் ஆணைவிட நீளத்தில் 60 மடங்குக்கு மேலும், நிறையில் சுமார் ஐந்து லட்சம் மடங்கும் பெரிதாயிருக்கக்கூடும். பிலிப்பைன்ஸ் பக்கம் கிடைத்த வேறொரு வகையில் 46 மில்லிமீட்டர் பெண்ணின் முதுகில் ஒட்டியிருந்த ஆணின் நீளம் 6.2 மில்லிமீட்டர். ஒரு நெல்மணி அளவுக்குமேல் இல்லை! பல வகைகளில் ஆணுக்குப் பெரிய மூக்கு உண்டு, அல்லது பெரிய கண் உண்டு. அந்த இருட்டில் பெண்ணின் வாசனையைப் பிடித்துக்கொண்டு தேடிப் போவது ஒன்றே அதன் தொழில். இரை பிடிப்பதற்கேற்ற வாய்கூடச் சிலவற்றுக்கு இல்லை. குறடு போன்ற வாய், கடித்துத் தொங்குவதற்கு மாத்திரம். பெண் அகப்படாவிட்டால் உடம்பில் சேர்த்து வைத்தது தீர்ந்ததும் சாவு. அகப்பட்டால் கடிக்கிறது, கடித்த இடத்தில் இரண்டு தோலும் கூடுகின்றன, ரத்தக் குழாயோடு ரத்தக் குழாய் சேர்கிறது. பிறகு ஆணின் கண் மங்குகிறது. குடல் சுருங்குகிறது. விந்துப் பை மாத்திரம் வளர்கிறது. பெண் முட்டையிடும்போது உடன் உதவுவது தவிர அதற்கு வேறு வேலை இல்லை. ஒரு வகையில் ஒரே பெண்மேல் எட்டு ஆண்கள்வரை ஒட்டியிருக்கக் கண்டிருக்கிறார்கள்.

தாய்மார்கள் பக்கம் சிரிப்பு கேட்கிறது. சிரிக்க வேண்டியதுதான். ஆணுக்குப் பெண் அடங்கியிருப்பது இயற்கை விதி, பிரகிருதி தர்மம், மிருகங்களைப் பாருங்கள், பட்சிகளைப் பாருங்கள் என்று நமக்குப் பிரசங்கம் செய்கிறவர்கள் இந்த மீனைப் பார்த்ததில்லை போலும்! மயிலையும் சிங்கத்தையும் காட்டி ஆண் உயர்ந்தவன் என்கிறவர்கள், தூண்டில் மீனைக் காட்டினால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார்கள்? இங்கே புருஷன் பெண்ணின் வயிற்றில் ஒரு மரு. "புருஷனே தெய்வம்" என்று அந்தப் பெண் மீனிடம் போய்ச் சொன்னால், எட்டுத் தெய்வங்களில் எந்தத் தெய்வம் என்று அது திருப்பிக் கேட்காதா?

ஆனால் தோழர்களே, நாம் இதைக் காட்டி, ஆகையால் பெண்தான் ஆணை ஆளவேண்டும் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அவர்களுடைய முட்டாள்தனத்தைத் தலைகீழாகச் செய்தவர்களாவோம். இயற்கையில் சிங்கமும் இருக்கிறது, தூண்டில் மீனும் இருக்கிறது, பிள்ளையைத் தின்னும் பிராணியும் இருக்கிறது, பிள்ளைக்காக உயிர் விடும் பிராணியும் இருக்கிறது. எவனுக்கு எது சௌகரியமோ அதை எடுத்துக் காட்டி, இதுதான் கடவுள் வகுத்த விதி என்று சொல்லலாம். மனிதன் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை, பிறருக்கு வரும் நன்மை தீமையைப் பார்த்து அவனுடைய அறிவுதான் தீர்மானிக்க வேண்டும். மீனிடமும் கேட்க வேண்டியதில்லை, மனுவிடமும் கேட்க வேண்டியதில்லை.

இந்த மீன் விஷயத்தில் நம்மை எல்லாவற்றையும்விட ஆச்சரியப்பட வைத்தது வேறொன்று. ஒருவர் உடம்பின் சதையை இன்னொருவர் உடம்பில் வைத்து ஒட்டினால் ஒட்டாது. உடம்பில் காவற்காரர்கள் இருக்கிறார்கள். வெள்ளை அணுக்கள் என்று பெயர். இது நம்முடையதல்ல என்று கண்டதும் அவை பாய்ந்து அழிக்கும். நோய்க் கிருமி வந்தாலும் அப்படியே, உயிர் காக்க வைத்த சிறுநீரகம் வந்தாலும் அப்படியே. 1954ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் முதன்முதலாக ஒரு சிறுநீரகத்தை மாற்றி வைத்து வெற்றி கண்டார்கள் என்றால், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் என்பதால்தான். மற்றவர்களுக்கு இன்றைக்கும் காவற்காரர்களை மயக்கி வைக்கும் மருந்தை நாள்தோறும் கொடுத்துத்தான் அந்த உறுப்பைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க, எட்டு அந்நிய ஆண்கள் ஒரு பெண்ணின் உடம்பில் சதையோடு சதையாக எப்படி ஒட்டினார்கள்?

ஜெர்மனி தேசத்தில் பிரைபர்க் நகரத்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தாமஸ் போயம் என்பவரும் அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்களும் சேர்ந்து இந்த மீன்களின் மரபணுக்களைச் சோதித்து 2020ல் விடை சொன்னார்கள். ஒட்டி வாழும் வகைகள் தங்கள் காவற்காரர்களையே இழந்துவிட்டிருக்கின்றன! நிரந்தரமாக ஒட்டும் வகைகளில், எதிர்ப்புப் பொருளைக் கூர்மையாக்கும் மரபணு வேலை செய்வதில்லை. பல ஆண்கள் ஒட்டும் வகைகளிலோ, அந்தக் காவற்படையை உண்டாக்குவதற்கே வேண்டிய மரபணுக்களும் போய்விட்டன. மனிதக் குழந்தைக்கு இவை இல்லாவிட்டால் சாதாரணச் சளிக் காய்ச்சலிலேயே உயிர் போய்விடும். இந்த மீனோ கடலில் சுகமாக இருக்கிறது. உடம்பில் பிறவியிலேயே உள்ள வேறு பொதுவான பாதுகாப்புகள் அதற்கு ஈடுகொடுக்கின்றன என்று அவர்கள் கருதுகிறார்கள். அது எப்படி என்று முழுவதும் விளங்கினால், உறுப்பு மாற்றிக்கொண்ட நோயாளிகளுக்கும், எதிர்ப்புச் சக்தியற்றுப் பிறக்கும் குழந்தைகளுக்கும் வழி பிறக்கலாம். கடலின் அடியில் கிடக்கும் ஒரு அவலட்சணமான மீனை அறுத்துப் பார்ப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு இது பதில்.

இதையொட்டி ஜாதிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜாதி ரத்தத்தில் இருக்கிறது, எங்கள் ரத்தம் வேறு, அவன் ரத்தம் வேறு என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதற்காகப் பெற்ற பெண்ணையே வெட்டுகிற பாவிகளும் இருக்கிறார்கள். ரத்தம் வேறு வேறு என்பது உண்மைதான். 1901ல் லாண்ட்ஸ்டைனர் என்பவர் மனித ரத்தத்தை இனம் இனமாகப் பிரித்துக் காட்டினார். எந்த இனத்தையாவது ஒரு ஜாதிக்குச் சொந்தமாக எழுதி வைக்க முடியுமா? அக்கிரகாரத்திலும் அதே இனங்கள்தான், சேரியிலும் அதே இனங்கள்தான். உறுப்பு மாற்றுவதற்குப் பார்க்கும் பொருத்தமோ, ஒரு தாய் தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தம்பிக்குள்ளேயே நாலில் ஒன்றுதான் முழுவதும் சேர வாய்ப்பு. உன் காவற்காரர்கள் உன் கூடப்பிறந்தவனையே அந்நியன் என்று தள்ளிவிடும்போது, ஜாதிக்காரன் என்பவன் எந்த மூலை? ரத்தம் வேண்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனின் தலைமாட்டில் நின்றுகொண்டு, கொடுக்கிறவன் என்ன ஜாதி என்று விசாரித்துக்கொண்டிருப்பவனை நாம் இன்னும் பார்க்கவில்லை. பிழைத்து எழுந்த பிறகுதான் ஜாதி ஞாபகம் வருகிறது.

இன்னொரு சங்கதியும் சொல்லிவிடுகிறோம். 2025 ஜனவரி முடிவில் ஸ்பெயின் தேசத்துக்குச் சேர்ந்த டெனெரிப் தீவுக்கருகில் இந்த இனத்தைச் சேர்ந்த ஒரு கறுப்பு மீன், மெலனோசீட்டஸ் என்று பெயர், பட்டப்பகலில் கடல் மேற்பரப்புக்கே வந்து நீந்தியது. சில அங்குல நீளம்தான் இருக்கும். சுறாக்களை ஆராயப் போனவர்கள் அதைப் படமெடுத்தார்கள். சில மணி நேரத்தில் அது இறந்தது. உடலைத் தீவின் காட்சிச்சாலையில் சேர்த்தார்கள். படத்தைப் பார்த்த உலகத்து ஜனங்களில் எத்தனையோ பேர், சாகும் முன் ஒரு தடவை சூரியனைப் பார்க்க அந்த மீன் மேலே வந்தது என்று கண்ணீர்விட்டுக் கவிதை எழுதினார்கள். இரக்கம் நல்ல குணம். ஆனால் நோயினாலோ, வேறு எதனாலோ மேலே தள்ளப்பட்டுச் செத்த மீனுக்கு ஆசையையும் லட்சியத்தையும் கட்டிவிட்டு அழுதால், கொஞ்ச நாளில் அதற்கு ஒரு கோயில் எழும்பும். அப்புறம் உண்டியல் வரும். நல்லவேளையாக அந்தத் தீவுக்காரர்கள் அதை மியூசியத்துக்கு அனுப்பினார்கள்.

இப்போது மேடைக்கு ஒரு சீட்டு வந்திருக்கிறது. "பெண்ணின் வாசனையைத் தேடிப் போகவும், கடிக்கவும், ஒட்டவும் அந்த ஆண் மீனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? கடவுள் இல்லாமல் இவ்வளவு பொருத்தம் தானாக வருமா?" என்று ஒரு அன்பர் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி, பெயரும் போட்டிருக்கலாம், நாம் கோபிக்க மாட்டோம்.

ஒரே நாளில் தானாக வந்தது என்று நாமும் சொல்லவில்லை. இந்த மீன் இனத்தையே பாருங்கள். டெனெரிப்பில் செத்த மெலனோசீட்டஸ் இனத்தில் ஆண் கொஞ்ச காலம் கடித்துத் தொங்கிவிட்டுப் பிறகு விட்டுவிடும், உடம்பு ஒட்டுவதில்லை. வேறு சில வகைகளில் சில சமயம் ஒட்டும், சில சமயம் ஒட்டாமலும் காரியம் நடக்கும். இன்னும் சிலவற்றில் ஒட்டினாலொழிய இருவருக்கும் பருவமே முதிராது. அதிலும் ஒரே ஆண் ஒட்டுவது, பல ஆண்கள் ஒட்டுவது என்று இருக்கிறது. காவற்காரர்களை இழந்த அளவும் இந்த வரிசையையொட்டியே போகிறது. ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஒரு மீன் இன்றைக்கும் உயிரோடு நிற்கிறது. கோடிக்கணக்கான வருஷங்களில், அந்த இருட்டில் ஒரு பெண்ணைச் சந்தித்த ஆண் மறுபடி ஒன்றைச் சந்திப்பது அரிதாக இருந்தபடியால், விட்டுவிட்டுப் போன ஆணுக்குச் சந்ததி குறைந்தது. சற்று அதிக நேரம் பிடித்துக்கொண்ட ஆணுக்குச் சந்ததி பெருகிற்று. அந்தச் சந்ததியிலும் அதிகம் பிடித்தது இன்னும் பெருகிற்று. மூக்குச் சிறுத்தது வழி தவறிச் செத்தது, மூக்குப் பெருத்தது வழி கண்டது. கற்றுக்கொடுத்தவர் யாரும் வேண்டியதில்லை. தவறியவற்றின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் பொருந்தியவை மாத்திரம் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. கடவுள் கற்றுக்கொடுத்தார் என்றே வைத்துக்கொண்டாலும், பெண்ணைக் காணாமல் பசியோடு செத்துப்போகும் ஆண் மீன்கள் அநேகம் இருக்கின்றனவே, அவற்றுக்கு அவர் கற்றுக்கொடுத்தது என்ன என்பதைச் சீட்டு எழுதிய அன்பரே அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லட்டும். மேடையில் இடம் தருகிறோம்.